பங்காளிகளுக்கு நடுவே ஒரு ராஜா

பெனுவே ஆற்றங்கரையில் ஒரு டிவ் பெரியவரிடம் போய், "உங்கள் தலைவர் யார்?" என்று வெள்ளைக்கார அதிகாரி கேட்பார். பெரியவர் தன் வீட்டு முற்றத்துக்குத் தலைவர்; அதற்குமேல் அவருக்கு யாருமில்லை. அதிகாரிக்கு இது புரியவில்லை. நைஜீரியாவின் நடுப்பகுதியில் லட்சக்கணக்கான மக்கள் அரசனும் அரண்மனையும் இல்லாமல் பெருவள்ளிக் கிழங்கு பயிரிட்டு நிம்மதியாக வாழ முடியும் என்பதை அவரால் நம்ப முடியவில்லை.

டிவ் மக்களைச் சேர்த்துக் கட்டியது வம்சாவளிதான். எல்லோரும் டிவ் என்ற ஒரே மூதாதையின் வழி வந்தவர்கள். அவருக்கு இபுசு, இச்சோங்கோ என்று இரண்டு மகன்கள். அவர்களிடமிருந்து கிளைகளும் கிளைக்குள் கிளைகளும் பிரிந்தன. அண்ணன் வழியும் தம்பி வழியும் வயலுக்காக அடித்துக்கொள்ளும். தூரத்துப் பங்காளி சண்டைக்கு வந்துவிட்டால் இந்த இரண்டும் ஒரே அணி. அந்நியன் வந்தால் எல்லோரும் ஒன்று. 'நாம்' என்பது எதிரே நிற்பவரைப் பொறுத்து விரியும், சுருங்கும். இப்படிப்பட்ட ஏற்பாட்டில் நிலையான ஒரு தலைவரை எங்கே உட்கார வைப்பது?

இன்னொரு காவலும் இருந்தது. 'ட்சாவ்' என்ற சக்தி சிலருடைய இதயத்தின்மேல் வளர்கிறது என்று டிவ்கள் நம்பினார்கள். ஒருவர் இறந்தபின் நெஞ்சைப் பிளந்து பார்ப்பதும் உண்டு. திறமையும் செல்வாக்கும் உள்ளவருக்கு ட்சாவ் இருந்தே தீரும். அது ஊரைக் காக்கும்; மனித உயிரைத் தின்றும் வளரும். ஒருவர் அளவுக்கு மீறி உயர்ந்தால் ஊரார் பார்வையில் மரியாதையோடு சந்தேகமும் ஏறும். அதிகாரம் ஒரே கையில் குவியாமல் தடுக்க இதைவிடக் கூர்மையான கருவியை நான் வேறெங்கும் படித்ததில்லை.

1900-இல் தந்திக் கம்பி போட வந்தவர்களை டிவ்கள் தாக்கினார்கள். 1906-இல் அபின்சியில் இருந்த நைஜர் கம்பெனியின் கிடங்கு எரிந்தது. பிரிட்டிஷ் படைகள் வந்தன; ஆனால் ராஜா ஒருவர் இருந்தால்தானே அவரைப் பணியவைத்து நாட்டைப் பிடிக்கலாம்? வடக்கே ஃபுலானி எமிர்கள் வழியாக ஆண்ட பிரிட்டிஷ் ஆட்சியாளர் லுகார்டின் மறைமுக ஆட்சி முறைக்கு இங்கே பிடிமானமே கிடைக்கவில்லை. இல்லாத தலைவர்களை உண்டாக்குவதுதான் மிச்சமிருந்த வழி.

அதற்கு முன்பும் சில டிவ் பிரமுகர்கள் வுக்காரியில் இருந்த ஜுகுன் அரசரிடம் போய் முரசு மரியாதை பெற்று வந்ததுண்டு. அது வெறும் கௌரவம். யாரையும் ஆளும் உரிமை இல்லை. வெள்ளையர் நியமித்த தலைவரோ வரி வசூலித்தார், வழக்கு தீர்த்தார், ஆள் பிடித்து வேலைக்கு அனுப்பினார். பங்காளிகளுக்குள் ஒருவர் மட்டும் மற்றவர் தலைமேல் ஏறி உட்கார்ந்தார்.

1927-இல் பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் மாற்றுத் திருமணத்தை அரசு தடை செய்தது. எந்தப் பெண்ணை எந்த வீட்டுக்குக் கொடுப்பது என்று தீர்மானித்த பெரியவர்களின் கை ஒரே நாளில் முறிந்தது. துப்பாக்கிகள் செய்ததைவிட இந்த ஆணை செய்த சேதம் ஆழமானது என்றே சொல்வேன். இரண்டே ஆண்டுகளில் 'ஹாகா' என்ற சூனிய எதிர்ப்பு அலை கிளம்பி, பெரியவர்கள் மறைத்து வைத்திருந்த புனிதப் பொருள்களை வெளியே இழுத்துப் போட்டது. மூத்த கிறிஸ்தவர்களில் ஒருவரான அகிகா அந்தக் காலத்தைத் தம் மக்களின் வரலாறாக எழுதி வைத்தார். 1939-இல் எழுந்த 'ந்யாம்புவா' இயக்கத்தின் கோபமோ சூனியத்தோடு நிற்காமல் நியமனத் தலைவர்கள்மேலும் பாய்ந்தது.

மக்குர்டி நகரில் தலைவர் பதவியில் இருந்தவர் யொரூபா முஸ்லிமான ஆடு டான் அஃபோடா. அவர் 1945-இல் இறந்ததும், இனி அந்நியர் வேண்டாம் என்று டிவ்கள் எழுந்தார்கள். இதையடுத்து மக்கேரே ட்சாக்பே முதல் 'டோர் டிவ்', அதாவது டிவ்களின் பெருந்தலைவர், ஆனார். தலைவரே வேண்டாம் என்று வாழ்ந்தவர்கள், பிறர் தலைவரிடமிருந்து தப்பிக்கத் தங்களுக்கென்று ஒரு பெருந்தலைவரைக் கேட்டு வாங்கும் நிலைக்கு வந்துவிட்டார்கள். எனக்கு இதில் வெற்றி தெரியவில்லை.

1960-இல், நைஜீரியாவின் விடுதலைக்குச் சில வாரங்களே இருந்தபோது, நியமனத் தலைவர்கள், வரி வசூலிப்பவர்கள் ஆகியோரின் கூரைகள் கிராமம் கிராமமாகப் பற்றி எரிந்தன. அந்தக் கலவரத்துக்கு டிவ்கள் வைத்த பெயர் 'நாண்டே நாண்டே': எரி, எரி. நான்கு ஆண்டுகள் கழித்து வந்த கலவரத்தின் பெயரோ தலையுடைப்பு.

(தொடரும்)