திறை செலுத்திய குடியரசு

பிரிட்டிஷ் மன்னரின் ஆட்சியிலிருந்து விடுபட்ட அமெரிக்கக் குடியேற்றங்கள், அவருடைய கொடி கடலில் அளித்துவந்த பாதுகாப்பையும் அதனோடு சேர்த்தே இழந்தன. மத்தியதரைக் கடல் துறைமுகங்களுக்கு மாவும் உப்பிட்ட மீனும் ஏற்றிச் சென்ற அவற்றின் கப்பல்கள், பிரிட்டன் வட ஆப்பிரிக்க ஆட்சியாளர்களோடு செய்துகொண்ட உடன்படிக்கைகளின் நிழலிலேயே அதுவரை அச்சமின்றி உலவிவந்தன. மொராக்கோ, அல்ஜியர்ஸ், துனிஸ், திரிபோலி ஆகிய நான்கையும் ஐரோப்பியர் பார்பரி அரசுகள் என்று ஒரே பெயரிட்டு அழைத்தபோதிலும், பின்னைய மூன்றும் பெயரளவிலேனும் உதுமானியப் பேரரசுக்கு உட்பட்டவையாகவும் மொராக்கோ தனக்கெனச் சுல்தானைக் கொண்ட தனியரசாகவும் இருந்தன. இந்த வேறுபாட்டை அமெரிக்கர் சற்றுத் தாமதமாகவே புரிந்துகொண்டனர்.

மொராக்கோவை ஆண்ட சிதி முகம்மது பின் அப்துல்லா, கடலில் பிடிபடும் சரக்கைவிடத் துறைமுகச் சுங்கமே நிலையான வருவாய் என்று கருதி, இன்று எஸ்ஸாவிரா எனப்படும் மொகடோரை வணிகத் துறைமுகமாகக் கட்டியெழுப்பியவர். 1777 டிசம்பரிலேயே, அமெரிக்க விடுதலைப் போர் இன்னும் ஓயாதிருந்த நிலையில், அமெரிக்கக் கப்பல்கள் தம் துறைமுகங்களுக்குத் தடையின்றி வரலாம் என்று அவர் அறிவித்துவிட்டார். அந்த அழைப்புக்கு அமெரிக்கக் காங்கிரஸ் ஆண்டுக்கணக்கில் உரிய மறுமொழி தராமலிருக்கவே, 1784 அக்டோபரில் ‘பெட்சி’ என்ற அமெரிக்கக் கப்பலை அவருடைய கலம் ஒன்று பிடித்துச் சென்றது. மாலுமிகள் அடிமைகளாக்கப்படாமல் மறு ஆண்டே விடுவிக்கப்பட்டதைப் பார்க்கையில், அதைக் கொள்ளை என்பதைவிட, பதில் வராத கடிதத்துக்கு அனுப்பப்பட்ட நினைவூட்டல் என்பதே பொருந்தும். 1786 ஜூனில் மராகேஷ் சென்ற அமெரிக்கத் தூதர் தாமஸ் பார்க்லே, சில வாரங்களிலேயே, ஆண்டுத் திறை எதுவுமின்றி, ஒருமுறை அளித்த பரிசுப் பொருள்களோடு, 50 ஆண்டுகளுக்கான உடன்படிக்கையைப் பெற்றார். இரு நாடுகளுக்கும் போர் மூண்டால் பிடிபடுவோரை அடிமைகளாக்காமல் தலைவனுக்குத் தலைவன், அதிகாரிக்கு அதிகாரி, சாதாரண ஆளுக்கு ஆள் என்று மாற்றிக்கொள்ள வேண்டும் என்றும், ஒரு பக்கம் எண்ணிக்கை குறைந்தால் குறையும் ஒவ்வொருவருக்கும் 100 மெக்சிகோ டாலர் தர வேண்டும் என்றும் அதன் பிரிவு ஒன்று கூறுகிறது. 1787 ஜூலையில் இதற்கு ஒப்புதல் அளித்த நாடு, அதே ஆண்டில் வகுத்த தன் அரசமைப்பில் தன் மண்ணின் அடிமை முறைக்கு இடமளித்தது என்பதையும் இங்கே குறிக்காமல் விடுவதற்கில்லை.

அல்ஜியர்ஸின் கதை வேறு. அங்கு ‘டே’ எனப்பட்ட ஆட்சியாளரின் கருவூலம், கப்பல்களைப் பிடிப்பதாலும் சிறைமீட்புத் தொகையாலும் அமைதிக்காகப் பிற நாடுகள் கட்டிய திறையாலும் நிரம்பியது. ஆகவே எல்லா நாடுகளோடும் ஒரே நேரத்தில் சமாதானமாக இருப்பது அதற்குக் கட்டுபடியாகாத ஒன்று. 1785 ஜூலையில் ‘மரியா’, ‘டாஃபின்’ ஆகிய இரு அமெரிக்கக் கப்பல்களோடு 21 பேர் சிறைப்பட்டனர். போரிடுவதே சிக்கனம் என்று அமெரிக்கத் தூதர் தாமஸ் ஜெபர்சனும், பணம் தருவதே மலிவு என்று சகதூதர் ஜான் ஆடம்ஸும் கடிதங்களில் வாதிட்டனர். வரி விதிக்கும் அதிகாரமே இல்லாத அன்றைய காங்கிரஸோ இரண்டில் எதையும் செய்ய இயலாமல் நின்றது. 1793இல் போர்த்துகலும் அல்ஜியர்ஸும் போர் நிறுத்தம் செய்துகொண்டதும் ஜிப்ரால்டர் நீரிணையில் போர்த்துகல் வைத்திருந்த காவல் விலகி, மேலும் 11 கப்பல்கள் அகப்பட்டன. அடுத்த ஆண்டு ஃபிரிகேட் எனப்படும் விரைவுப் போர்க்கப்பல்கள் ஆறு கட்டுவதற்குச் சட்டம் இயற்றிய காங்கிரஸ், அல்ஜியர்ஸோடு அமைதி ஏற்பட்டால் அப்பணியை நிறுத்திவிட வேண்டும் என்றும் அதிலேயே எழுதிவைத்தது. 1795 செப்டம்பரில் கையெழுத்தான உடன்படிக்கையின் விலை 642,500 டாலர். அதற்கு மேல் ஆண்டுதோறும் 12,000 அல்ஜீரியப் பொன் நாணயங்களின் பெறுமதிக்குக் கப்பல் தளவாடங்கள் தர வேண்டியிருந்தது. கப்பல் பிடிக்கும் கலங்களைச் செப்பனிடத் தேவையான பொருள்களை, பிடிபட்டவர்களின் நாடே அனுப்பிவைக்க நேர்ந்தது.

அந்த அமைதி கடலில் ஒரு தோல்தாளாகவே தெரிந்தது. மத்தியதரைக் கடவுச்சீட்டு எனப்பட்ட அதன் மேற்பகுதியில் கப்பல் ஓவியம் அச்சிடப்பட்டிருக்கும். அந்த ஓவியத்தின் ஊடாகத் தாளை அலைபோல் வளைத்து வெட்டி, கீழ்ப்பகுதியைக் கப்பலுக்கும் மேற்பகுதிகளை வட ஆப்பிரிக்கத் துறைமுகங்களில் இருந்த கான்சல்கள், அதாவது வணிகத் தூதர்கள், வழியாக அங்குள்ள கலங்களுக்கும் கொடுத்தனர். கடலில் எதிர்ப்படும் கலத்திலிருந்து ஒரு படகு வரும். துடுப்பு வலிப்போரைத் தவிர இருவர் மட்டுமே மேலேற உடன்படிக்கையில் அனுமதி உண்டு. எழுத்தைப் படிக்க வேண்டிய தேவையே இல்லாமல், இரு துண்டுகளின் வளைவும் பொருந்தினால் கப்பலைப் போகவிட்டனர்.

திரிபோலியோடும் துனிஸோடும் இவ்வாறே உடன்படிக்கைகள் ஏற்பட்டன. எனினும் தனக்குத் தரப்படுவது அல்ஜியர்ஸுக்குத் தரப்படுவதைவிடக் குறைவு என்று மனம் புழுங்கிய திரிபோலி ஆட்சியாளர் யூசுப் கரமன்லி, 1801 மே மாதத்தில் அமெரிக்கத் தூதரகத்தின் கொடிமரத்தை வெட்டிச் சாய்த்துப் போரை அறிவித்தார். 1803இல் ‘ஃபிலடெல்ஃபியா’ என்ற அமெரிக்கப் போர்க்கப்பல் தரைதட்டி, அதிலிருந்த 300க்கும் மேற்பட்டோர் சிறைப்பட்டனர்; 1805இல் வந்த அமைதியிலும் அவர்களை மீட்க 60,000 டாலர் தர வேண்டியிருந்தது. அல்ஜியர்ஸுக்கான திறை 1815இல், அமெரிக்கத் தளபதி ஸ்டீபன் டிகேட்டரின் கப்பற்படை அந்நகரின் முன் வந்து நின்ற பிறகே, உடன்படிக்கையிலிருந்து நீங்கியது. மொராக்கோவோடு செய்த உடன்படிக்கையோ 1836இல் புதுப்பிக்கப்பட்டது. அதன் 50 ஆண்டு முடிந்த பின்னும், ஒரு தரப்பு 12 மாத முன்னறிவிப்புக் கொடுத்து விலகும்வரை அது செல்லும் என்று அப்போது எழுதிக்கொண்டனர். அந்த முன்னறிவிப்பை இரு தரப்பில் எவரும் கொடுக்கவில்லை.