பட்டயம் இல்லாத மண்

கல்முனை, சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்று முதலிய ஊர்களின் வயல்களிலே பாயும் நீர், மேற்கே இங்கினியாகலையில் அமைந்த சேனாநாயக்க சமுத்திரத்திலிருந்து வருவதாகும். பட்டிப்பளை ஆறு என்று கீழ்க்கரை மக்கள் வழங்கும் கல்லோயாவை மறித்து அணை எழுப்பும் பணி 1949ஆம் ஆண்டில் தொடங்கிற்று. அதனால் நெல் விளைந்தது, குடியேற்றங்கள் பெருகின. ஆயினும் வேடரின் வேட்டைக் காடுகளும் தேனெடுக்கும் மலைச்சாரல்களும் அந்நீரின் அடியிலே அமிழ்ந்தன என்பதை நினைப்பவர் சிலரே.

வேடர் இக்கரைக்கு அந்நியரல்லர். முன்னாளில் முஸ்லிம் வணிகர் உப்பும் புடவையும் கொண்டு உள்நாடு செல்வர். வேடர் தேனும் மெழுகும் கொடுத்து அவற்றைப் பெறுவர். காட்டிலே உரிமையின்றித் திரிந்தவர்கள் என்று வேடரைக் கருதுவதும் தவறாகும். ஒவ்வொரு குடும்பத்துக்கும் உரிய வேட்டை நிலமும், அதன் எல்லையும், அது கைமாறும் முறையும் இருந்தன என்பதை 1911இல் வெளிவந்த செலிக்மன் தம்பதியரின் ஆய்வு நூல் காட்டுகின்றது.

ஆனால், அவ்வுரிமைக்கு ஏட்டுச் சான்று இல்லை. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடும் தரிசும் பயிரிடப்படாத நிலமும், மாறாக நிரூபிக்கப்படும் வரை, முடிக்கே உரியன எனக் கொண்டது. உறுதி ஏதுமில்லாத வேடர் எதைக் காட்டி நிரூபிப்பர்? பிற்காலத்து இழப்புகளுக்கெல்லாம் வித்து இதுவே.

1954இல் கல்லோயாத் தேசிய வனம் அமைந்தது. 1983இல் மகாவலித் திட்டத்தையொட்டி மதுறு ஓயா வனமும் அறிவிக்கப்பட்டது. அதனுள் வாழ்ந்த வேடர் ஹெனானிகல முதலிய குடியேற்றங்களுக்கு அனுப்பப்பட்டனர். தந்தை வேட்டையாடிய காட்டில் மகன் அம்பெடுப்பது குற்றமாயிற்று. தம்பானையின் முதுபெருந்தலைவர் திசாஹாமி மட்டும் சில குடும்பங்களோடு இடம்பெயர மறுத்து நின்றார். 1996இல் வேடரின் முறையீடு ஜெனீவாவிலே ஐக்கிய நாடுகள் செயற்குழுவின் முன் ஒலித்தது. இரண்டு ஆண்டுகளின் பின் திசாஹாமி மறைந்தார். 2020இல் அவர் மைந்தர் ஊருவரிகே வன்னில எத்தோ, அம்பாறை மாவட்டத்து ரம்பக்கன் ஓயாக் காடு சோளச் செய்கைக்காக அழிக்கப்படுவதை எதிர்த்து, சூழலியல் அமைப்பொன்றுடன் மேன்முறையீட்டு நீதிமன்றத்தை நாடினார்.

இத்துயர் ஈழத்துக்கு மட்டும் உரியதன்று. 1899இல் கனடிய அரசு வடநாட்டுப் பழங்குடிகளோடு எட்டாம் உடன்படிக்கையைச் செய்தபோது, லூபிக்கன் ஏரிக்கரையில் வாழ்ந்த கிரீ மக்கள் விடுபட்டுப் போயினர். 246 சதுரக் கிலோமீற்றர் நிலம் அவர்களுக்கு உறுதியானது 2018இலேதான். சுட்டிக்காட்டி வாதாட அவர்களுக்கு ஓர் உடன்படிக்கையாவது இருந்தது. வேடருக்கோ அதுவும் இல்லை.

பழங்குடிகளின் நில உரிமையை ஏற்கும் ஐக்கிய நாடுகளின் பிரகடனத்துக்கு 2007இல் இலங்கையும் வாக்களித்தது. அவ்வாக்கு வேடரின் எஞ்சிய காட்டைக் காக்கும் சட்டமாக மாறும்போதே, கல்லோயா நீரால் விளையும் நெல்லில் உள்ள பழங்கடன் தீரத் தொடங்கும்.