அடுக்கில் உறங்கும் காணி

தாம்பரத்தைக் கடந்து செங்கற்பட்டு நோக்கி விரையும் மின்தொடர் வண்டி, பொத்தேரியில் நின்றதும் பாதி காலியாகிவிடும். இறங்குவோரிற் பெரும்பாலார் இளைஞர். ஏரியின் பெயரைச் சுமந்து நிற்கும் இவ்வூரை, 1985இல் பொறியியல் கல்லூரியாய்த் தோன்றி 2002இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாய் உயர்ந்த எஸ்.ஆர்.எம். நிறுவனம் மாணவர் நகரமாக்கிவிட்டது. எந்திரம் கற்போர், கணிப்பொறி கற்போர், மருத்துவம் கற்போர் என வண்டி வண்டியாய் வருகின்றனர். அவர்களிடையே வரலாறோ மொழியோ கற்க வந்த ஒருவனைக் கண்டால், ஊரார் கேட்கும் கேள்வி ஒன்றே: "பழங்கதை சோறு போடுமா, தம்பி?"

கேட்பவர்மீது நமக்குச் சினமில்லை. வயிறு காய்ந்த தலைமுறைகளின் கேள்வி அது. ஆனால் அதற்குரிய விடை, அவர்கள் நிற்கும் மண்ணிலேயே இருக்கிறது. இந்தச் செங்கற்பட்டுச் சீமையில், தாளில் எழுதப்பட்ட ஓர் அறிக்கை சோறு மட்டுமன்று, நிலமே தந்தது. அந்தத் தாள் மறக்கப்பட்டபோது நிலமும் கைநழுவிற்று. கதையன்று, தோழர்களே, கணக்கு!

1891ஆம் ஆண்டு செங்கற்பட்டு மாவட்டத்தின் கலெக்டர் பொறுப்பில் இருந்தவர் திரெமென்கீர் என்னும் ஆங்கிலேயர். அவ்வாண்டு அக்டோபரில் அவர் மேலிடத்துக்கு ஓர் அறிக்கை அனுப்பினார். பொருள், அம்மாவட்டத்துப் பறையர் மக்களின் நிலை. குடியிருக்கும் குடிசையின் மண்கூடத் தமதன்று. ஆண்டையின் முகம் கோணினால் குடிசையும் போகும். பட்ட கடனுக்குப் பரம்பரையே பண்ணையில் அடமானம். உழுவது அவர்கள், உண்பது பிறர்! சரி, தரிசாய்க் கிடக்கும் நிலத்தையாவது கேட்டுப் பெறலாமே என்றால், அங்கேயும் குறுக்கே நின்றது மிராசு. தரிசு வேண்டி யார் மனுக் கொடுத்தாலும், முதல் உரிமை மிராசுதாரருக்கே என்பது இம்மாவட்டத்து விதி. தாமும் உழார், பிறரையும் உழவிடார்!

திரெமென்கீர் ஒருவரே விழித்திருந்தார் என்று நாம் சொல்லவில்லை. செங்கற்பட்டில் பணியாற்றிய ஆண்ட்ரூ, திருவள்ளூர்ப் பக்கத்தில் பணியாற்றிய கௌடி போன்ற பாதிரிமார் ஏற்கெனவே குரல் எழுப்பி வந்தனர். வருவாய் வாரியமோ, வழக்கம்போல், "அவ்வளவு மோசமில்லை" என்றே முணுமுணுத்தது. ஆயினும் 1892 செப்டம்பர் 30ஆம் நாள், 1010 என்னும் எண்ணிட்ட அரசாணை பிறந்தது. ஒடுக்கப்பட்ட மக்களுக்கென நிலம் ஒதுக்கப்பட்டது. பத்தாண்டுகள் அதை எவருக்கும் விற்கலாகாது. அதன்பின் விற்பதாயினும் அதே வகுப்பாருக்கே விற்கவேண்டும் என்பது நிபந்தனை. பஞ்சமி நிலம் என்று நாடு அறிந்தது அதைத்தான். மாநிலம் முழுவதும் 12 இலட்சம் ஏக்கர் என்பர், அதற்காகப் போராடுவோர்.

பிறகு என்ன ஆயிற்று? அரசாணை அடுக்கில் ஏறிற்று. நிலமோ, நிபந்தனையை அறியாதவர் கையிலிருந்து, அறிந்தும் அறியாதவர்போல் நடித்தவர் கைக்கு மெல்ல மெல்ல மாறிற்று. வாங்கியவன் பத்திரம் காட்டினான்; இழந்தவனிடம் காட்ட என்ன இருந்தது? நூறாண்டுக்குப்பின் அந்தப் பழைய ஆணை எண்ணைக் கையில் ஏந்திக்கொண்டே மக்கள் வீதிக்கு வந்தனர். மாமல்லபுரத்தை அடுத்த காரணையில் எழுந்த நிலமீட்புப் போராட்டத்தின் தொடர்ச்சியாக, 1994 அக்டோபர் 10 அன்று செங்கற்பட்டில் காவல் துறையினர் சுட்டதில் இருவர் மாண்டனர். உயிரைக் கொடுத்துக் கேட்ட உரிமைக்கு ஆதாரம், தூசு படிந்த ஒரு தாள்! வரலாறு சோறு போடுமா என்று இனியும் கேட்கலாமா?

நிலத்துக்கு நேர்ந்தது மொழிக்கும் நேர்ந்தது. எல்லிசு என்பார் சென்னையின் கலெக்டராய் இருந்தவர். தமிழும் தெலுங்கும் கன்னடமும் வடமொழியின் பிள்ளைகள் என்று கல்கத்தாப் பண்டிதர்கள் அடித்துக் கூறிய காலம் அது. அன்று, "இல்லை, இவை தனிக் குடும்பம்" என்று வேர்ச்சொற்களை வரிசைப்படுத்திக் காட்டினார் எல்லிசு. எந்த நூலில்? காம்பெல் எழுதிய தெலுங்கு இலக்கணத்தின் முகப்பில், 1816இல்! வேறொருவர் நூலுக்கு வாய்த்த முன்னுரைக்குள் ஒரு பேருண்மை அடைபட்டுக் கிடந்தது. 1819இல் இராமநாதபுரத்தில் எல்லிசு மாண்டார். அவர் விட்டுச்சென்ற தாள்கள் மதுரையில் ஒரு துரையின் சமையற்காரன் கையில் அகப்பட்டு, அடுப்பு மூட்டவும் கோழி வாட்டவும் பயன்பட்டன என்று பிற்கால அறிஞர் எழுதிவைத்துள்ளனர். 1856இல் கால்டுவெல் தம் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டார். அவர் பணியின் பெருமையை நாம் ஒரு துளியும் குறைக்கமாட்டோம். எனினும் அவருக்கு நாற்பது ஆண்டுகள் முன்னரே போடப்பட்ட கால்கோளை உலகம் தெளிவாய் அறிய, தாமசு டிரவுட்மன் என்னும் அமெரிக்கப் பேராசிரியர் பழைய ஆவணங்களைத் துருவித் துருவி 2006இல் எழுதிய நூல் வேண்டியிருந்தது.

இதே எல்லிசுதான் தொண்டைமண்டலத்து மிராசு உரிமையைப் பற்றிய விளக்கத்தையும் எழுதியவர். அது 1818இல் அச்சேறியது. திரெமென்கீரின் அறிக்கையைப் படிப்பவர் இதனையும் உடன்வைத்துப் படித்தாலன்றி, மிராசு என்னும் முடிச்சு அவிழாது. ஆனால் நூலகத்தில் இவ்விரண்டும் ஒரே இடத்தில் இருக்குமா? இரா! நம் பல்கலைக்கழகங்கள் பலவும் பின்பற்றும் டூயி பகுப்பு முறையில், தமிழ்நாட்டு வரலாறு 954.82, தமிழ்மொழி 494.811, நில உரிமை 333ஐச் சார்ந்தது, சாதி பற்றியவை 305இல் ஒதுங்கும். பொறியியல் மாணவன் ஒரே அடுக்கின்முன் நின்று தன் தேவையை முடித்துக்கொள்ளக்கூடும். மனித வாழ்வை ஆய்பவனுக்கு அந்த வசதி இல்லை. அவன் நூலகம் முழுவதும் நடக்கவேண்டும். ஒரு நூலின் அடிக்குறிப்பு மற்றொரு நூலுக்கு வழிகாட்டும். அது அரசாணையின் எண்ணைச் சொல்லும். அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தின் வாயிலுக்குச் செல்லவேண்டும். நூலின் உடலை மட்டும் படித்து அடிக்குறிப்பைத் தள்ளிவிடுகிறவன், விருந்துக்குப் போய் இலையை மட்டும் பார்த்துத் திரும்புகிறவன்.

நூலகத்தின் உள்ளே நடக்கலாம் என்ற உரிமைகூட இயல்பாய்க் கிடைத்ததன்று. சென்னைப் பல்கலைக்கழக நூலகம் 1907இல் தோன்றிற்று. 1924இல் அதன் தலைவராய் அமர்த்தப்பட்டவர், சீர்காழியில் பிறந்த கணிதப் பேராசிரியர் அரங்கநாதன். வந்த சில நாளிலேயே, ஆளில்லாத அந்த இடத்தின் தனிமை தாங்காமல் பழைய கல்லூரிக்கே அனுப்பிவிடுங்கள் என்று கேட்டவர் அவர்! இலண்டன் சென்று அங்குள்ள நூலகங்களைக் கண்டபின் ஆளே மாறிவிட்டார். 1925இல் திரும்பியவர், அடுக்குகளைப் படிப்போருக்குத் திறந்துவிட்டார். வேண்டும் நூலைச் சீட்டில் எழுதிக் கொடுத்துக் காத்துக் கிடந்தவர், தாமே சென்று எடுத்துப் புரட்டலாயினர். நூல்கள் காப்பதற்கன்று, கையாள்வதற்கே என்பதை 1931இல் ஐந்து விதிகளின் தலைவிதியாய் நாட்டினார். 1936இல் கடற்கரையோரம் நூலகத்துக்குத் தனிக் கட்டடம் எழுந்தது. 1948இல் சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் வந்தது. இரண்டிலும் அவர் உழைப்பு உண்டு. அவர் பிறந்த குலம் எதுவாயினும், அவர் திறந்த கதவின் வழியே நம்மவரும் நுழைந்தனர். அதைச் சொல்லாமல் விடுவது பகுத்தறிவாகாது.

கதவு திறந்தும் கால் தயங்குவதுதான் இன்றைய குறை. முதல் தலைமுறையாய்ப் படிக்க வந்த பிள்ளை, ஆயிரமாயிரம் நூல்களின்முன் நின்றதும் திகைக்கிறான். எதைக் கேட்பது, யாரைக் கேட்பது? பெரிய தலைப்பை எடுத்துக்கொண்டு மூச்சுத் திணறுகிறான். பின்னர் யாரோ எழுதிய சுருக்கத்தைப் பார்த்தெழுதி ஒப்படைக்கிறான். பெரிய தலைப்பு எதற்கு? பொத்தேரி என்ற ஊர்ப்பெயர் ஒன்று போதுமே!

பெயரின் முற்பகுதிக்கு, 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாய் வந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியைப் புரட்டுக. பின்னர், 1961இல் பர்ரோவும் எமனோவும் வெளியிட்ட திராவிட வேர்ச்சொல் அகராதியில் அச்சொல்லின் உறவினரைக் காண்க. கல்வெட்டில் உண்டா என அறியத் தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகள், 1890 முதல் வெளிவந்தவை, பின்னிணைப்பில் ஊர்ப்பெயரோடு காத்திருக்கின்றன. ஏரிப் பாசனத்தையும் குடிகளையும் அறிய, 1879இல் குரோல் எழுதிய செங்கற்பட்டு மாவட்டக் கையேடு உதவும். அதற்கும் முன்னே செல்ல விரும்பினால், 1767 முதல் 1774 வரை கும்பினியார்க்காகப் பார்னார்டு எடுத்த ஊர்க்கணக்கு இருக்கிறது. ஏறத்தாழ 2,000 ஊர்கள். ஒவ்வோர் ஊரிலும் எத்தனை வீடுகள், எவ்வளவு நன்செய், எவ்வளவு புன்செய், விளைச்சலில் கொல்லனுக்கு என்ன பங்கு, வெட்டியானுக்கு என்ன பங்கு என்று வரிவரியாய்ச் சொல்லும். அக்கணக்கைச் சார்ந்த தமிழ் ஓலைகள் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் உள்ளன. பொத்தேரியிலிருந்து ஒரு மாணவனோ மாணவியோ, தம் ஊரின் பெயரைத் தாளில் எழுதிக்கொண்டு, வருகிற விடுமுறையிலேயே தேடத் தொடங்கலாம்.