கணக்கேட்டைக் காப்பவர் யார்?



‘பிளாக்செயின்’ என்னும் சொல்லைச் செய்தித்தாள்களில் நீங்கள் கண்டிருப்பீர்கள். இது கணினி வல்லுநர்க்கு மட்டுமே விளங்கும் மாயவித்தை என்று எண்ணிப் பலர் ஒதுங்கிவிடுகின்றனர். வரலாற்றுப் பாடம் சொல்லிக் கொடுத்துப் பழகிய எனக்கோ இதில் தென்படுவது மிகப் பழைய கேள்வி ஒன்றுதான். கணக்கேட்டைக் காப்பவர் யார்? அவரே அதைத் திருத்திவிட்டால் நாம் அறிவது எங்ஙனம்? இக்கேள்விக்கு மனிதன் காலந்தோறும் கண்ட விடைகளை வரிசையாகப் பார்த்து வந்தால், பிளாக்செயினும் தானே விளங்கிவிடும்.

ஏறத்தாழ நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன் பாபிலோனியா நாட்டு மக்கள் கடன் பத்திரங்களைக் களிமண் பலகைகளில் எழுதினர். எழுதிய பலகையின்மேல் மற்றொரு களிமண் உறையைப் போர்த்தி, அதே வாசகத்தை உறையின் மேலும் எழுதி, சாட்சிகளின் முத்திரைகளைப் பதித்தனர். பின்னாளில் வழக்கு எழுந்தால் உறையை உடைத்து உள்ளே இருப்பதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். திருத்துவதைத் தடுக்க இயலாவிடினும், திருத்தினால் வெளிப்பட்டுவிடும்படி செய்யலாம் என்பதை அம்மக்கள் உணர்ந்திருந்தனர்.

அடுத்து இங்கிலாந்துக்குச் செல்வோம். அந்நாட்டு அரசாங்கக் கருவூலம் பன்னிரண்டாம் நூற்றாண்டிலேயே மரக்குச்சிகளில் கணக்கு வைத்தது. ஆயிரம் பவுனுக்கு உள்ளங்கை அகலம், நூறு பவுனுக்குக் கட்டைவிரல் அகலம் என்று குச்சியில் வெட்டுகள் இடுவார்கள். பின்னர் அதை நீளவாக்கில் இரண்டாகப் பிளப்பார்கள். பணம் செலுத்தியவருக்கு ஒரு பாதி; கருவூலத்துக்கு மறுபாதி. ஒருவர் தம் பாதியில் ஒரு வெட்டைக் கூட்டினால் மற்றொன்றோடு அது பொருந்தாது. எழுத்தறியாதவனும் சரிபார்க்கக்கூடிய முறை அது! 1826-ஆம் ஆண்டுவரை அது வழக்கில் இருந்தது. 1834 அக்டோபர் 16 அன்று, தேவையற்றுப் போன குச்சிகளைப் பிரபுக்கள் சபையின் உலைகளில் இட்டு எரித்தபோது தீ பரவி, பாராளுமன்றக் கட்டடத்தின் பெரும்பகுதி சாம்பலாயிற்று. ஆயினும் இம்முறையில் ஒரு குறை உண்டு. சாட்சிகள் இரண்டே, ஒன்று தொலைந்தால் ஒப்பிட வழியில்லை.

இனிப் பசிபிக் கடலிலுள்ள யாப் தீவுக்குப் போவோம். அங்கே நடுவில் துளையிட்ட பெரிய வட்டக் கற்களே செல்வம். பலாவ் தீவுகளில் வெட்டி, கடல் வழியே கொண்டுவந்த கற்கள் அவை. பெரிய கல் கைமாறும்போது அதை யாரும் நகர்த்துவதில்லை. இனி இது இன்னாருடையது என்று ஊரார் அறிந்துகொண்டால் போதும். ஒரு குடும்பத்தின் கல் வழியிலேயே கடலில் மூழ்கிவிட்டதாம். அப்போதும் அக்குடும்பத்தின் செல்வத்தை ஊரார் மறுக்கவில்லை. அமெரிக்க அறிஞர் வில்லியம் ஹென்றி பர்னெஸ் 1910-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இதைப் பதிவு செய்துள்ளார். அங்கே கணக்கேட்டைக் காத்தவர் ஒருவரல்லர், ஊரார் அனைவரும்.

பாபிலோனியரின் உறையையும் யாப் தீவினரின் பொது நினைவையும் ஒன்றாக இணைத்துப் பாருங்கள். அதுவே பிளாக்செயின்.

மளிகைக் கடைப் பேரேட்டை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஒரு பக்கத்தின் அடியில் வரும் தொகையை அடுத்த பக்கத்தின் தலையில் எழுதித் தொடங்குவார்கள். பத்தாம் பக்கத்தில் ஓர் எண்ணை மாற்றினால், பதினோராம் பக்கத்தின் தலைத்தொகை பொருந்தாது. அதனை மாற்றினால் பன்னிரண்டாம் பக்கம் இடிக்கும். ஆனால் ஓரிடத்தில் ஐந்தைக் கூட்டி மற்றோரிடத்தில் ஐந்தைக் குறைத்தால் தொகை மாறாது; திருட்டும் தெரியாது. ஆகவே கணித அறிஞர்கள் தொகைக்குப் பதிலாக விரல்ரேகை போன்ற ஒன்றை வகுத்தனர். ஒரு பக்கம் முழுவதையும் குறித்த விதிப்படி கணக்கிட்டு, நீண்டதோர் எண்ணாகச் சுருக்குவார்கள். பக்கத்தில் ஒரே ஒரு புள்ளியை மாற்றினாலும் அந்த எண் முற்றிலும் வேறாகிவிடும். முன்பக்கத்தின் ரேகையை அடுத்த பக்கத்தின் தலையில் எழுதிக்கொண்டே போனால் பக்கங்கள் சங்கிலியாகக் கோக்கப்படுகின்றன. அந்தப் பக்கந்தான் ‘பிளாக்’. அந்தக் கோவைதான் ‘செயின்’.

இந்த யோசனையை 1991-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஸ்டூவர்ட் ஹேபர், ஸ்காட் ஸ்டார்னெட்டா என்னும் இருவர் எழுதி வெளியிட்டனர். கணினியில் உள்ள ஆவணம் எந்த நாளில் தோன்றியது என்பதை மெய்ப்பிப்பதே அவர்கள் நோக்கம். 1995 முதல் அவர்களது நிறுவனம் வாரந்தோறும் சங்கிலியின் ரேகையை நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையில் விளம்பரமாக வெளியிட்டது. அத்தனை வீடுகளுக்கும் சென்றுவிட்ட பத்திரிகையை யார் திருத்த முடியும்?

எஞ்சியது ஒரு சிக்கல். ரூபாய்த்தாளை நான் உங்களிடம் கொடுத்தால் அது என் கையைவிட்டுப் போய்விடும். கணினியில் எழுதிய பணமோ படியெடுக்கத்தக்கது. ஒரே பணத்தை இருவருக்குக் கொடுத்தால் எது முந்தியது? வங்கி நடுவிலிருந்தால் அது சொல்லும். வங்கியே இல்லாமல் இதைத் தீர்க்கும் வழியை, சதோஷி நகமோட்டோ என்னும் புனைபெயரில் ஒருவர் 2008 அக்டோபர் 31 அன்று வெளியிட்டார். 2009 ஜனவரி 3 அன்று பிட்காயினின் முதல் பக்கம் எழுதப்பட்டது.

வழி இதுதான். ஏட்டின் படி உலகெங்கும் பல்லாயிரம் கணினிகளில் இருக்கும். புதுப் பக்கம் சேர்க்க விரும்புவோர் ஒரு புதிருக்கு விடை காண வேண்டும். எண்பூட்டைத் திறப்பது போன்றது அது: எண்களை மாற்றி மாற்றி முயல நெடுநேரமாகும், சரியான எண்ணைச் சரிபார்க்கவோ ஒரு கணம் போதும். முதலில் விடை கண்டவர் பக்கத்தைச் சேர்ப்பார். அதற்குப் பரிசாகப் புதுப் பிட்காயின் பெறுவார். சுமார் பத்து நிமிடத்துக்கு ஒரு பக்கம் சேரும். பழைய பக்கத்தைத் திருத்த நினைப்பவன் அதன் பின்வந்த எல்லாப் புதிர்களையும் மீண்டும் விடுவித்து, மற்றவர் அனைவரையும் முந்த வேண்டும். பொய் சொல்வது இயலாததன்று, பெருஞ்செலவு பிடிப்பது. இப்புதிருக்கு மின்சாரமும் மிகுதியாகச் செலவாகிறது. அதனால் எத்தீரியம் என்னும் மற்றொரு சங்கிலி 2022 செப்டம்பரில் புதிர் முறையைக் கைவிட்டது. அதன் மின்செலவு நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்குக்கு மேல் குறைந்தது.

ஆயின், சங்கிலியில் எழுதியது கல்லில் எழுதியதாகுமா? 2016 ஜூனில் எத்தீரியத்தின் மேல் இயங்கிய ஒரு பொதுநிதியிலிருந்து, நிரலில் இருந்த பிழை ஒன்றைப் பயன்படுத்தி ஒருவர் பெருந்தொகையைக் கவர்ந்தார். விதிப்படி நடந்ததை ஏற்பதா, அநீதியைத் திருத்துவதா என்று வாதம் எழுந்தது. பெரும்பாலோர் திருத்தினர், மறுத்தவர்கள் பழைய ஏட்டையே தொடர்ந்தனர். ஒரு சங்கிலி இரண்டாயிற்று. ஏட்டை இறுதியில் காப்பது எந்திரமன்று, மனிதரின் உடன்பாடே.

இதைவிடப் பெரிய உண்மை ஒன்றை என் அனுபவத்திலிருந்து கூற விரும்புகிறேன். நான் தொடக்கப்பள்ளியொன்றில் தலைமையாசிரியனாக இருந்த காலத்தில் ஒரு தந்தை மகனைச் சேர்க்க வந்தார். பிறந்த தேதி அவருக்குத் தெரியவில்லை. வயது நிரம்ப வேண்டுமே என்று ஜூன் முதல் தேதியை நானே சேர்க்கைப் பதிவேட்டில் எழுதிக் கையொப்பமிட்டேன். பல்லாண்டுகள் கழித்து அம்மாணவன், எப்படியோ கிடைத்த பிறப்புச் சான்றிதழோடு வந்து நின்றான். பதிவேட்டைப் புரட்டினேன். அடித்தல் இல்லை, திருத்தல் இல்லை. என் கையொப்பம் தெளிவாக இருந்தது. பதிவு பழுதற்றது, செய்தி பொய். அந்தத் தேதியே அவனுடைய சான்றிதழ்கள் எல்லாவற்றிலும் ஏறியிருந்தது. அதை மாற்ற அவன் அலைந்த அலைச்சலுக்கு நான் காரணமானேன்.

மாணவச் செல்வங்களே! எழுதியதை மாற்றாமல் காக்க இன்று அரிய கருவி கிடைத்துள்ளது. எழுதுவது மெய்யா என்பதை அக்கருவி அறியாது. பொய்யையும் அதே உறுதியோடு காத்து நிற்கும். ஆதலால் யாரேனும் “இது பிளாக்செயினில் இருக்கிறது, நம்புங்கள்” என்று சொல்லிப் பணம் கேட்டால், முதலில் எழுதியவர் யார், எதைக் கண்டு எழுதினார் என்று கேளுங்கள். ஏட்டைக் காக்கும் வேலையைச் சங்கிலியிடம் ஒப்படைக்கலாம். எழுதும் கையின் நேர்மையை ஒப்படைக்க முடியாது. அது நம்முடைய பொறுப்பு.