முன்குறித்தலும் ஒரு முதியவரின் தலையும்



பழவேற்காட்டில் கோட்டை வைத்திருந்த டச்சுக் கம்பெனியைப் பற்றி வகுப்பில் நடத்தியிருக்கிறேன். 1602இல் அந்தக் கம்பெனி உருவாக முன்னின்றவர் ஓல்டன்பார்னவெல்ட். 17 ஆண்டு கழித்து அவர் தலை வெட்டப்பட்டதைச் சொல்லப் பாடத்தில் இடமில்லை. அதன் வேர் ஓர் இறையியல் கேள்வி.

யார் இரட்சிக்கப்படுவார் என்பதைக் கடவுள் உலகம் தோன்றும் முன்பே முன்குறித்துவிட்டாரா? அல்லது அவர் நீட்டும் கிருபையை ஏற்கவோ தள்ளவோ மனிதனால் முடியுமா? லெய்டன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் கொமாரஸ் முதல் பக்கம். அவருடைய சகா ஆர்மினியஸ் இரண்டாம் பக்கம். ஆர்மினியஸ் 1609இல் இறந்தார். மறு ஆண்டே அவர் வழிப் போதகர்கள் தங்கள் நிலையை ஐந்து அம்சமாக எழுதி அரசிடம் கொடுத்தார்கள்.

கொமாரஸ் தரப்பைக் கல்நெஞ்சர்கள் என்று எண்ணிவிடாதீர்கள். இரட்சிப்பு என் தடுமாறும் மனதில் தொங்கவில்லை, கடவுளின் கையில் இருக்கிறது என்பது அவர்களுக்குப் பெரிய ஆறுதல்.

ஓல்டன்பார்னவெல்ட் ஆர்மினியஸ் தரப்புக்கு நிழல் கொடுத்தார். ஸ்பெயினோடு 12 ஆண்டுப் போர்நிறுத்தம் செய்தவரும் அவர்தான். அதை விரும்பாத படைத்தலைவர், இளவரசர் மொரிஸ், எதிர்ப்பக்கம் சேர்ந்தார். மொரிஸை உறுத்தியது முன்குறித்தல் அல்ல, அதிகாரம்தான் என்பது என் எண்ணம்.

1618 ஆகஸ்டில் முதியவர் கைதானார். நவம்பரில் டோர்ட்ரெக்ட் நகரில் திருச்சபைப் பேரவை கூடியது. இங்கிலாந்து, ஜெர்மனி, சுவிட்சர்லாந்திலிருந்தெல்லாம் அறிஞர்கள் வந்தார்கள். ஆர்மினியஸ் தரப்பாரை மட்டும் குற்றவாளிகளைப்போல் நிறுத்தி, ஜனவரியில் வெளியே அனுப்பினார்கள். பிறகு சுமார் 200 போதகர்களின் பதவி போயிற்று. எல்லாம் கடவுள் தீர்மானம் என்றவர்கள், இதை மட்டும் அவரிடம் விட்டுவைக்கவில்லை!

1619 மே 13. ஹேக் நகரில் மேடை கட்டி, 71 வயது ஓல்டன்பார்னவெல்டின் தலையை வெட்டினார்கள்.

அவரோடு கைதான குரோஷியஸுக்கு ஆயுள் தண்டனை. ஆம், சர்வதேசச் சட்டத்தின் தந்தை என்று படிக்கிறோமே, அவர்தான். சிறையிருந்த கோட்டைக்குப் பெட்டியில் புத்தகங்கள் வந்து போகும். நாளடைவில் காவலர்கள் திறந்து பார்ப்பதை விட்டுவிட்டார்கள். 1621 மார்ச்சில் மனைவி மரியா அந்தப் பெட்டிக்குள் கணவரைப் படுக்கவைத்துப் பூட்டி அனுப்பிவிட்டார். என்ன துணிச்சல், பாருங்கள்!

1625இல் மொரிஸ் இறந்தபின் கெடுபிடி தளர்ந்தது. துரத்தப்பட்டவர்கள் மெல்லத் திரும்பினார்கள். 1778இல் மெதடிஸ்ட் தலைவர் ஜான் வெஸ்லி தொடங்கிய பத்திரிகையின் பெயர் 'ஆர்மினியன் மேகசின்'. நம் ஊர்ப் பக்கம் மெதடிஸ்ட் மிஷனரிகள் கொண்டுவந்த போதனையும் அந்த வழிதான்.