உம்மாவின் போன் களவு போனபோது நான் கற்றுக்கொண்ட சொற்கள்

உம்மாவின் கையடக்கத் தொலைபேசி சில மாதங்களுக்கு முன் பஸ்ஸில் களவு போனது. பொலிஸில் முறைப்பாடு செய்யப் போனோம். "ஐஎம்இஐ இலக்கம் என்ன?" என்று உத்தியோகத்தர் கேட்க, நான் உம்மாவின் தொலைபேசி இலக்கத்தைச் சொன்னேன். "அதில்லைத் தம்பி" என்றார். நாங்கள் அங்கே காத்திருந்த நேரத்தில், அவசரமாகப் பணம் தேவை என்று உம்மாவின் வட்ஸ்அப்பிலிருந்து சாச்சிக்குச் செய்தி போயிருக்கிறது. நல்லவேளை, சாச்சி எனக்குக் கோல் எடுத்துக் கேட்டார்.

ஐஎம்இஐ என்பது கருவியின் அடையாளம். 15 இலக்கங்கள் கொண்டது. சிம்மை மாற்றினாலும் இது மாறாது. *#06# என்று அழுத்தினால் திரையில் தெரியும். போன் வந்த பெட்டியிலும் இருக்கும். இரண்டு சிம் போடும் போனுக்கு இரண்டு இலக்கங்கள். போன் தொலைந்த பிறகு அதைத் தேடுவது கஷ்டம், ஆகவே இன்றே எழுதி வையுங்கள்.

சிம் என்பது இணைப்பின் அடையாளம். நம்முடைய தொலைபேசி இலக்கம் சிம்முக்குள் இருக்கிறது என்றே நானும் நினைத்திருந்தேன். உண்மையில் சிம்முக்குள் இருப்பது ஐஎம்எஸ்ஐ என்ற வேறோர் இலக்கம். இலங்கைச் சிம்களில் அது 413 என்று தொடங்கும். அந்த இலக்கம் யாருடைய தொலைபேசி இலக்கத்துக்கு உரியது என்ற பதிவு நிறுவனத்தின் கணினியில் இருக்கிறது. அதனால்தான் சிம் தொலைந்தாலும் பழைய இலக்கத்திலேயே புதுச் சிம் தருகிறார்கள்.

எங்கள் பிழை இங்கேதான். போனின் திரைப் பூட்டு சிம்மைக் காக்காது. களவெடுத்தவர் சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டால் போதும், வங்கியும் வட்ஸ்அப்பும் அனுப்பும் ஓடிபி, அதாவது ஒருமுறை மட்டும் செல்லும் இரகசியக் குறியீடு, அவர் கைக்கே வரும். பொலிஸுக்குப் போகுமுன் தொலைபேசி நிறுவனத்துக்கு அறிவித்து சிம்மை முடக்கியிருக்க வேண்டும். வட்ஸ்அப்பில் இரண்டாம் கட்டப் பூட்டையும் போட்டு வைத்திருந்தால் இந்தத் தலையிடி வந்திருக்காது.

சிம்முக்கென்று தனியாகப் பின் இலக்கமும் போடலாம். மூன்று தடவை பிழையாக அடித்தால் சிம் பூட்டிக்கொள்ளும். திறக்க பக் எனப்படும் 8 இலக்கக் குறியீடு வேண்டும். அதையும் பத்துத் தடவை பிழையாக அடித்தால் அந்தச் சிம் குப்பைக்குத்தான்.

உம்ரா போகிறவர்களுக்கு ரோமிங் என்ற சொல்லும் முக்கியம். நமது சிம் வெளிநாட்டு நிறுவனமொன்றின் டவரில் இயங்குவதே அது. டேட்டா ரோமிங்கை நிறுத்தாமல் போய் இறங்கினால், நாம் தொடாமலேயே செயலிகள் இணையத்தைப் பாவித்துக் கட்டணத்தை ஏற்றிவிடும்.

உம்மாவுக்குப் பாவித்த போன் ஒன்று வாங்கப் போனபோது, இந்த முறை *#06# அழுத்திப் பார்த்தேன். ஆங்கில எழுத்தில் ஐஎம்இஐ என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு, அந்த 15 இலக்கங்களையும் சேர்த்து 1909 க்கு குறுஞ்செய்தி அனுப்பினால் அந்தக் கருவி தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் பதிவானதா என்று பதில் வரும். பெட்டியில் ஓர் இலக்கமும் திரையில் வேறோர் இலக்கமும் இருந்த போன் ஒன்றைக் கடைக்காரர் மலிவாகத் தருவதாகச் சொன்னார். வேண்டாம் என்று வந்துவிட்டோம்.