அரசு ஒப்பந்தக் கணக்கியலும் தணிக்கையும் (அமெரிக்கா)

அமெரிக்கக் கூட்டரசுக்குப் பொருளோ பணியோ வழங்கும் தனியார் நிறுவனங்கள் தங்கள் செலவைப் பதிந்து, பிரித்து, அரசிடம் பணம் கோரி, பின்னர் தணிக்கைக்கு உட்படுவதற்காக வகுக்கப்பட்ட சட்டங்கள், விதிகள், நடைமுறைகள் ஆகியவற்றின் தொகுப்பு. நாற்காலியோ காகிதமோ வாங்கும்போது அரசுக்குச் சந்தை விலை கைகொடுக்கும். நீர்மூழ்கிக் கப்பலுக்கும் ஏவுகணைக்கும் அப்படி ஒரு சந்தை இல்லை. வாங்குபவர் ஒருவர்தான், செய்து தரக்கூடியவர்கள் ஓரிருவர். அங்கே நிறுவனத்தின் கணக்கேடே விலையைச் சொல்கிறது. அந்த ஏட்டில் தவறாக ஏறும் ஒவ்வொரு செலவும் வரி கட்டுவோர் தலையில் விழுகிறது. இத்துறையின் விதிகளில் பெரும்பாலானவை ஏதேனும் ஒரு முறைகேடு அம்பலமான பிறகு பிறந்தவை.

தொடக்கம்

உள்நாட்டுப் போரின்போது (1861–65) வடக்குப் படைக்குச் சரக்கு வழங்கிய வணிகர்கள் சிலர் மழையில் நனைந்தால் பிய்ந்துபோகும் சீருடைகளையும், ஏற்கெனவே விற்ற குதிரைகளையும் அரசின் தலையில் கட்டினர். இதைத் தடுக்க 1863 மார்ச் 2 அன்று பொய்க் கோரிக்கைச் சட்டம் நிறைவேறியது. ‘லிங்கன் சட்டம்’ என்றும் இதைச் சொல்வர். பொய்க் கணக்குக் காட்டிப் பணம் பெற்றவர் அரசுக்கு நேர்ந்த இழப்பைப்போல் இருமடங்கும், ஒவ்வொரு பொய்க் கோரிக்கைக்கும் 2,000 டாலரும் கட்ட வேண்டியிருந்தது. மோசடியை அறிந்த குடிமகன் எவரும் அரசின் சார்பில் வழக்குத் தொடுக்கலாம்; மீட்ட தொகையில் பாதி அன்று அவருக்குக் கிடைத்தது. குற்றத்தை உள்ளிருந்து பார்த்தவரைச் சாட்சியாக வெளியே கொண்டுவந்த இந்த ஏற்பாடுதான் சட்டத்தின் உயிர்நாடி.

உலகப் போர்கள்

முதல் உலகப் போரில், செலவோடு அதன் மீது ஒரு விழுக்காட்டை இலாபமாகச் சேர்த்துத் தரும் ஒப்பந்தங்கள் பரவலாயின. செலவு கூடக்கூட இலாபமும் கூடும் என்பதால், சிக்கனமாகச் செய்தவருக்கே நட்டம். இவ்வகை ஒப்பந்தம் 1941இல் தடைசெய்யப்பட்டது. அதற்கு முன்பே, 1934ஆம் ஆண்டின் வின்சன்–டிராம்மெல் சட்டம் போர்க்கப்பல், கடற்படை விமான ஒப்பந்தங்களில் இலாபத்துக்கு 10 விழுக்காடு உச்சவரம்பு விதித்திருந்தது. இலாபத்துக்கு வரம்பு வைத்ததும், எதைச் செலவு என ஏற்பது என்ற கேள்வி எழுந்தது. ஏற்கத்தக்க செலவு, ஏற்கத்தகாத செலவு என்ற பிரிவினை வேரூன்றியது இந்தக் கேள்வியிலிருந்துதான்.

1941 மார்ச்சில் செனட்டர் ஹாரி ட்ரூமன் தலைமையில் அமைந்த செனட் குழு, பாதுகாப்பு ஒப்பந்தங்களில் நடந்த விரயத்தை ஊர் ஊராகச் சென்று விசாரித்தது. அக்குழுவுக்கு முதலில் ஒதுக்கப்பட்ட தொகை 15,000 டாலர் மட்டுமே. அது மிச்சப்படுத்திக் கொடுத்த தொகையோ பல நூறு கோடி டாலர் என மதிப்பிடப்படுகிறது.

விலைப்பேச்சில் உண்மை

ஏலமின்றிப் பேசி முடிக்கும் ஒப்பந்தங்களில், நிறுவனத்துக்குத் தன் உண்மைச் செலவு தெரியும்; அரசுக்குத் தெரியாது. இந்த ஏற்றத்தாழ்வைச் சரிசெய்ய வந்தது 1962ஆம் ஆண்டின் பேச்சுவார்த்தை உண்மைச் சட்டம். ஒரு லட்சம் டாலருக்கு மேற்பட்ட பேரங்களில், தான் தரும் செலவு விவரம் அன்றைய நிலையில் துல்லியமானது, முழுமையானது, நடப்புக்கு உரியது என்று நிறுவனம் சான்றளிக்க வேண்டும் என அது கட்டாயமாக்கியது. பின்னாளில் விவரம் பிழையெனத் தெரியவந்தால், அதனால் கூடிய விலையை அரசு திரும்பப் பெறலாம். வரம்புத் தொகை பிற்காலத்தில் பலமுறை உயர்த்தப்பட்டது.

அதுவரை தரைப்படை, கடற்படை, வான்படை ஆகிய மூன்றும் தனித்தனியே தணிக்கை நடத்தி வந்தன. ஒரே நிறுவனத்தின் ஏட்டை மூவர் மூன்று விதமாகப் பார்த்தனர். பாதுகாப்புச் செயலர் ராபர்ட் மெக்னமாராவின் காலத்தில் இப்பணிகள் இணைக்கப்பட்டு, பாதுகாப்பு ஒப்பந்தத் தணிக்கை முகமை 1965 ஜூலை 1 அன்று செயல்படத் தொடங்கியது.

கணக்கியல் தரநிலைகள்

அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பல்களின் தந்தை எனப்படும் அட்மிரல் ஹைமன் ரிக்கோவர், ஒரே வேலைக்கு ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு விதமாகச் செலவு காட்டுவதால் விலைகளை ஒப்பிடவே முடியவில்லை என்று 1968இல் நாடாளுமன்றத்தில் வாதிட்டார். பொதுத் தரநிலைகள் சாத்தியமா என ஆராயும் பணி தலைமைக் கணக்குத் தணிக்கையாளரிடம் ஒப்படைக்கப்பட்டது. சாத்தியமே என்று 1970 ஜனவரியில் அறிக்கை வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் செலவுக் கணக்கியல் தரநிலை வாரியம் சட்டப்படி உருவானது. அது வகுத்த தரநிலைகள் 19. விலை கேட்கும்போது ஒரு முறை, செலவைப் பதியும்போது வேறு முறை என்று மாற்றக்கூடாது என்கிறது 401ஆம் தரநிலை. ஒரே நோக்கத்துக்கான செலவை ஓரிடத்தில் நேரடிச் செலவாகவும் வேறிடத்தில் மேற்செலவாகவும் காட்டக்கூடாது என்கிறது 402. வாரியம் 1980இல் நிதியின்றி நின்றுபோனது, தரநிலைகள் நிலைத்தன. 1988இல் வாரியம் மீண்டும் அமைக்கப்பட்டது. இதற்கிடையே, 1984 ஏப்ரல் 1 முதல் கூட்டரசுத் துறைகளுக்குப் பொதுவான கொள்முதல் விதித்தொகுப்பு நடைமுறைக்கு வந்தது.

நடைமுறை

விதித்தொகுப்பின் 31ஆம் பகுதி செலவுகளை இனம் பிரிக்கிறது. ஒரு செலவு நியாயமானதாகவும், ஒப்பந்தத்தோடு தொடர்புடையதாகவும் இருக்க வேண்டும். மதுபானம், கேளிக்கை, நன்கொடை, கடன் வட்டி, ஆதரவு திரட்டும் செலவு போன்றவற்றை ஏற்க முடியாது. நிறுவனம் அவற்றைச் செய்யலாம். ஆனால் தனியே பிரித்து எழுதித் தன் கையிலிருந்து கட்ட வேண்டும்.

ஒரு குறிப்பிட்ட ஒப்பந்தத்துக்கான கூலியும் மூலப்பொருளும் நேரடிச் செலவு. வாடகை, மேலாளர் சம்பளம், மின்கட்டணம் போன்றவை மேற்செலவு. இவை எல்லா வேலைகளுக்கும் விகிதப்படி பகிரப்படும். நேரடிக் கூலி 10 லட்சம் டாலர், மேற்செலவு 6 லட்சம் டாலர் என்றால் மேற்செலவு விகிதம் 60 விழுக்காடு. 100 டாலர் கூலிக்கு அரசு 160 டாலர் தரும். எனவே மேற்செலவுத் தொகுதிக்குள் வேண்டாத செலவு ஒன்று நுழைந்தால், அது சத்தமில்லாமல் எல்லா ஒப்பந்தங்களிலும் பரவிவிடும்.

இக்கணக்கின் அடித்தளம் தொழிலாளியின் நேரப்பதிவு. எந்த வேலைக்கு எத்தனை மணி நேரம் என்பதை அவரே அன்றன்று பதிய வேண்டும். மேலாளர் ஒப்புதல் தர வேண்டும். திருத்தினால் காரணமும், யார் திருத்தினார் என்பதும் தெரிய வேண்டும். தணிக்கையாளர் முன்னறிவிப்பின்றி வந்து, ஒருவர் அக்கணம் செய்யும் வேலையும் அவரது பதிவும் பொருந்துகின்றனவா என்று பார்ப்பதுண்டு. நிதியாண்டு முடிந்த ஆறு மாதத்துக்குள் நிறுவனம் தன் உண்மைச் செலவு அறிக்கையைத் தாக்கல் செய்ய வேண்டும்.

1980களின் சீர்திருத்தம்

ஜெனரல் டைனமிக்ஸ் நிறுவனம் தன் அதிகாரி ஒருவரின் நாயைப் பராமரிப்பு விடுதியில் விட்ட கட்டணத்தை மேற்செலவில் சேர்த்தது 1985இல் நாடாளுமன்ற விசாரணையில் வெளிவந்து நாட்டையே கொதிக்க வைத்தது. அவ்வாண்டே, ஏற்கத்தகாத செலவுகள் சட்டத்தில் பட்டியலிடப்பட்டன. மேற்செலவுக் கோரிக்கைக்கு நிறுவன அதிகாரி சான்றளிப்பதும் கட்டாயமானது. 1986இல் பொய்க் கோரிக்கைச் சட்டம் வலுப்பெற்று, இழப்பீடு மும்மடங்கானது.

தணிக்கையாளர் மீதான தணிக்கை

அரசுப் பொறுப்புடைமை அலுவலகம் 2008, 2009ஆம் ஆண்டுகளில் தணிக்கை முகமையையே ஆராய்ந்தது. 2009ஆம் ஆண்டு அறிக்கையில், பார்வையிட்ட 69 தணிக்கைகளுள் 65இல் கடுமையான குறைகள் காணப்பட்டன. அதன்பின் முகமை கண்டிப்பைக் கூட்டியதில் வேலை தேங்கியது. 2012இல் இறுதிவடிவம் பெற்ற விதி ஒன்று, நிறுவனத்தின் கணக்கியல், மதிப்பீடு, கொள்முதல் உள்ளிட்ட ஆறு அமைப்புகளை வரையறுத்தது. அவற்றில் பெருங்குறை இருந்தால் செலுத்தும் தொகையில் 10 விழுக்காடு வரை நிறுத்திவைக்கலாம்.

அண்மைக் காலம்

பூஸ் ஆலன் ஹாமில்டன் நிறுவனம், தன் தனியார், வெளிநாட்டுப் பணிகளின் செலவை அரசு ஒப்பந்தங்களின் மேற்செலவில் ஏற்றியதாக எழுந்த புகாரில், பொறுப்பை ஒப்புக்கொள்ளாமல் 2023இல் 37.7 கோடி டாலர் கட்டியது. ரேதியான் நிறுவனம் 2024 அக்டோபரில் பல வழக்குகளைத் தீர்க்க 95 கோடி டாலருக்கு மேல் செலுத்த இசைந்தது, அதில் 42.8 கோடி டாலர், பேச்சுவார்த்தையில் தவறான செலவு விவரம் தந்த புகாருக்கு உரியது.

பூஸ் ஆலன் வழக்கைத் தொடங்கி வைத்தவர் அதே நிறுவனத்தின் முன்னாள் ஊழியர். சட்டப்படி அவருக்கு ஏறத்தாழ 7 கோடி டாலர் கிடைத்தது. தரநிலைகளும் முகமைகளும் தேவைதான். ஆனால் கணக்கில் பொய் நுழைவதை முதலில் காண்பவர் அலுவலகத்துக்குள் இருக்கும் ஊழியரே. அவருக்கு வழக்குத் தொடுக்கும் உரிமை தந்த 1863ஆம் ஆண்டுச் சட்டமே இத்துறையின் மிக வலிய கருவியாக இன்றும் விளங்குகிறது.